கைதட்டினால் கேட்காத தூரம்

கான்சாஸ், அமெரிக்கா
20.8.1972

அன்புள்ள வடிவுக்கு,

இங்கே நலம். நீயும் அம்மாவும் சுகமாயிருக்கத் திருச்செந்தூரானை நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். உன் ஏரோகிராம் போன வாரம் வந்தது. மேல்முகவரியில் வழக்கம்போல ஹில்டா டீச்சரின் சாய்ந்த கையெழுத்து. புருஷன் பேரை எழுதுவதற்குப் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிடுகிறவள் தூத்துக்குடியிலேயே நீ ஒருத்திதான் இருப்பாய். அதிலும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிற டீச்சர் நீ! பேரைச் சொன்னால் புருஷன் ஆயுசு குறையும் என்று அம்மா சொன்னதை நிஜமாகவே நம்புகிறாயா, இல்லை என்னைச் சீண்டுகிறாயா? இந்த ஊரில் என் பேரை முழுதாகச் சொல்ல ஒரு நாக்கு கிடையாது. சிவனணைந்தபெருமாள் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் சிரித்துவிட்டு 'பெரி' என்று வைத்துவிட்டார்கள். நீயாவது ஒரு கடிதத்தில் எழுதேன். கண்ணால் பார்த்துக்கொள்கிறேன்.

இனி சொல்லப்போவதைக் கேட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. உடற்கல்விப் படிப்பு முடிந்து பட்டமும் வாங்கியாயிற்று. சொன்ன சொல்படி இந்த மாதம் நான் அங்கே இருக்க வேண்டும். ஆனால் மே மாதம் ஒரு மாலை, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு இவர்கள் பந்தை மைதானத்தில் சும்மா உதைத்துக்கொண்டிருந்தேன். இவர்களுடைய ஃபுட்பால் வேறு, வடிவு. பந்து நீளமாக, இரண்டு முனையும் கூராக இருக்கும். பெரும்பாலும் கையில் எடுத்துக்கொண்டுதான் ஓடுகிறார்கள். எப்போதாவது இரண்டு கம்பங்களுக்கு நடுவே உதைக்க வேண்டும். அதையும் நேரே ஓடிவந்து பெருவிரலால் குத்துகிறார்கள். நான் நம் ஊர்ப் பழக்கத்தில் பக்கவாட்டில் வந்து புறங்காலால் உதைத்தேன். பந்து கம்பங்களுக்கு நடுவே போய், அப்பால் இருந்த கோதுமை வயலில் விழுந்தது. வேலியோரம் நின்ற தலைமைக் கோச், வயதானவர், வந்து முதலில் என் காலைத்தான் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். இப்போது பையன்களுக்கு உதைக்கக் கற்றுக்கொடுக்கும் உதவிக் கோச் நான்.

ஒரே ஒரு சீசன்தான். நவம்பரில் முடிந்துவிடும். நம் கல்லூரியில் என் வேலையை அடுத்த ஜூன் வரை வைத்திருப்பதாகப் பிரின்சிபால் எழுதியிருக்கிறார். அதற்குள் வந்துவிடுகிறேன்.

பார்சலில் ஒரு விசில் அனுப்பியிருக்கிறேன். கல்யாணமான புதிதில் சாப்பிடக் கூப்பிட மைதானத்து ஓரத்தில் வந்து நின்றுகொண்டு, பேர் சொல்ல முடியாமல் கையைத் தட்டுவாயே, என் டீம் முழுக்கத் திருப்பிக் கைதட்டுமே! இனிமேல் கை வலிக்க வேண்டாம். ஊது.

உன்
அத்தான்

மில்லர்புரம், தூத்துக்குடி
17.9.1972

அத்தானுக்கு வடிவு எழுதுவது.

நாங்கள் சுகம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே என்று எழுதிவிட்டீர்கள், சரி. தூக்கி வைத்தால்தான் இங்கே யார் பார்க்கப்போகிறார்கள்? நீங்கள் கோச் ஆகிவிட்டீர்கள் என்று அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். மறுநாள் தெருவெல்லாம் போய், "எம்மவன் அமெரிக்காவுல ரயில்ல வேல பாக்கான், கோச்சுப் பூரா அவன் பொறுப்புதான்" என்று சொல்லிவிட்டு வந்தார்கள். இப்போது மணியாச்சிக்கு டிக்கெட் சொல்லி ஒருவர் வந்து நிற்கிறார். நான் போட்டோவைக் காட்டி இது பந்து விளையாட்டு என்று விளக்கினேன். "பந்தா? மட்ட உரிக்காத தேங்காயில்லா இது!" என்று தள்ளிவிட்டார்கள். எனக்கும் ஒரு சந்தேகம். கையில் எடுத்துக்கொண்டு ஓடுகிற விளையாட்டுக்கு எதற்கு ஃபுட்பால் என்று பேர் வைத்தார்கள்? பேர் வைக்கத் தெரியாத ஊரில் போய் உங்கள் பேரைக் கொடுத்திருக்கிறீர்கள். பெரியாம், பெரி.

பேர் எழுதுகிற பேச்சு வேண்டாம். நான் நம்புகிறேனா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. நீங்கள் பக்கத்து மைதானத்தில் இருந்தபோது அது விளையாட்டாக இருந்தது. இப்போது நடுவில் கடல் கிடக்கிறது. எதையும் சொல்லி வைக்கப் பயமாக இருக்கிறது. ஹில்டா டீச்சரும் ஒன்றும் சலித்துக்கொள்ளவில்லை. முகவரி எழுதுகிற சாக்கில் என் காப்பியைக் குடித்துவிட்டுப் போகிறார்.

விசில் வந்தது. ஊதிப் பார்த்தேன். கோழிகள் ஓடின.

ஒன்று மட்டும் நேராகவே எழுதுகிறேன், கோபப்படக் கூடாது. எனக்கு முப்பது ஆகிவிட்டது. என் வயதுக்காரிகள் தங்கள் பிள்ளையை என் வகுப்பிலேயே கொண்டுவந்து விடுகிறார்கள். "டீச்சருக்கு எத்தன பிள்ளைய?" என்று கேட்கிறார்கள். நம் உப்பளத்து உப்புக்கும் சீசன் இருக்கிறது, அத்தான். மழை இறங்கிவிட்டால் பிறகு யார் வந்தும் வார முடியாது. ஒரு சீசன் என்றால் ஒரு சீசனாக இருக்கட்டும்.

உங்கள்
வடிவு

கான்சாஸ்
12.11.1973

என் அன்பு வடிவுக்கு,

வர முடியாமல் போனதற்கு நீ எழுதிய கோபமெல்லாம் தலைமேல். கல்லூரி வேலையை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள் என்றும் எழுதியிருந்தாய். போகட்டும், இதைக் கேள்.

சனிக்கிழமை கடைசி ஆட்டம். இரண்டு புள்ளி பின்னால் இருக்கிறோம். கடிகாரத்தில் மூச்சுவிட நேரமில்லை. கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் மூன்று புள்ளி. என் பையன் ஒருவன், கோதுமை விவசாயி மகன், பக்கவாட்டில் மூன்றடி வைத்துப் புறங்காலால் உதைத்தான். தூத்துக்குடி உதை, வடிவு! கான்சாஸ் ஆகாசத்தில் நம் ஊர் உதை! பந்து போய்க்கொண்டிருக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஊரே மைதானத்துக்குள் இறங்கிவிட்டது. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு 'கோச் பெரி, கோச் பெரி' என்று கத்தினார்கள். அன்றைக்கு எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. பழைய மைதானத்து ஓரத்தில் நீ நிற்கிற இடத்தை நினைத்துக்கொண்டேன்.

தலைமைக் கோச் என்னை முதல் உதவியாளனாக ஆக்கிவிட்டார். வருகிற ஆகஸ்டில் புதுப் பையன்கள் வருகிறார்கள். இவர்களை நடுவில் விட்டுவிட்டு எப்படி வருவது? பிள்ளை இல்லை பிள்ளை இல்லை என்று நீ வருத்தப்படுகிறாய். எனக்கு இங்கே எழுபது பிள்ளைகள், வடிவு. அவர்கள் உனக்கும் பிள்ளைகள்தானே.

உன்
அத்தான்

தூத்துக்குடி
9.12.1973

அத்தானுக்கு,

உங்களைத் தோளில் தூக்கியது சந்தோஷம். நிஜமாகவே சந்தோஷப்பட்டேன். ஹில்டா டீச்சரிடம் இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். கடைசிப் பத்தியை வாசிக்கவில்லை.

அந்த எழுபது பிள்ளைகளில் ஒன்றையும் நான் சுமக்கவில்லை. ஒன்றுக்கும் என் முகச்சாயல் இல்லை. ஒன்று கூட அம்மா என்று என்னைக் கூப்பிடாது. இனிமேல் அந்தக் கணக்கை எனக்கு எழுதாதீர்கள்.

அத்தை கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். இனி எழுந்து நடப்பது கஷ்டம் என்கிறார்கள். பயப்பட வேண்டாம், நான் இருக்கிறேன்.

வடிவு

கான்சாஸ்
3.2.1974

அன்புள்ள வடிவுக்கு,

அம்மாவை நினைத்து அழுதேன். நான் எழுதியது தப்புதான், அந்த அர்த்தத்தில் எழுதவில்லை. உன்னை இங்கே கூட்டிக்கொள்ளலாம் என்று பேப்பர்களுக்கு ஏற்பாடு செய்யும் நேரத்தில் அம்மா இப்படி விழுந்துவிட்டார்கள். அவர்களை விட்டுவிட்டு நீ எப்படி வருவாய்? நான் இப்போது நாட்டைவிட்டு வெளியே போனால் மறுபடி உள்ளே விடுவார்களா என்பது சந்தேகம். நிரந்தர அனுமதி வந்துவிடட்டும். அதுவரை அம்மா உன் கையில். அவர்கள் உனக்கு மாமியார் மட்டுமா, உன் அப்பாவோடு பிறந்தவர்கள் அல்லவா. உன்னைவிட யார் பார்ப்பார்கள்?

அத்தான்

தூத்துக்குடி
5.9.1976

அத்தானுக்கு வடிவு எழுதுவது.

போன வருஷமே அனுமதி வந்துவிட்டதாக எழுதினீர்கள். பிறகு வசந்தகாலப் பயிற்சி என்றீர்கள். பிறகு பையன்களைத் தேர்ந்தெடுக்க ஊர் ஊராகப் போக வேண்டும் என்றீர்கள். உங்கள் விளையாட்டு வருஷத்தில் மூன்று மாதம்தான் என்று நினைத்திருந்தேன். மீதி ஒன்பது மாதமும் அதுவேதான் என்று இப்போது தெரிகிறது.

இதை நிதானமாக வாசியுங்கள். அத்தைக்கு நினைவு தப்பித் தப்பி வருகிறது. சில நேரம் என்னை, "நீ யாருளா? எங்க அண்ணன் மக மாதிரியே இருக்க" என்கிறார்கள். நான்தான் வடிவு என்றால் சிரிக்கிறார்கள். உங்களை மட்டும் மறக்கவில்லை. மாலையானால் நீங்கள் மைதானத்திலிருந்து வருகிற நேரம் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தெருவில் சைக்கிள் மணி கேட்டால், "வாரான்" என்கிறார்கள். கஞ்சிதான் இறங்குகிறது, அதுவும் இரண்டு கரண்டி. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மகனுக்கு எழுதிவிடுங்கள் என்றார். எழுதிவிட்டேன்.

இப்போது வாருங்கள். எனக்காக வர வேண்டும் என்று கேட்பதை நிறுத்தி ரொம்ப நாளாகிறது. பெற்றவளுக்காகக் கேட்கிறேன். ஒருமுறை முகத்தைக் காட்டிவிட்டுத் திரும்பிப் போய்விடுங்கள். நான் தடுக்க மாட்டேன்.

வடிவு

கான்சாஸ்
24.9.1976

அன்புள்ள வடிவுக்கு,

உன் கடிதம் கிடைத்து இரண்டு நாள் தூக்கமில்லை. ஆனால் சீசன் தொடங்கிவிட்டது. தலைமைக் கோச்சுக்கு உடம்பு சரியில்லை, டீம் முழுதும் என் தலையில். இந்த ஆண்டு நாங்கள் இன்னும் தோற்கவில்லை. நவம்பர் நடுவில் கடைசி ஆட்டம். அதற்கு மறுநாளே விமானம் ஏறுகிறேன், இது சத்தியம். அம்மாவுக்கு அதுவரை ஒன்றும் ஆகாது. பனங்காட்டு உடம்பு அது. மகன் வருகிறான் என்று தினமும் காதில் சொல்லிக்கொண்டிரு.

அத்தான்

தந்தி
தூத்துக்குடி, 29.10.1976
அம்மா இன்று காலை காலமானார். உடனே வரவும். வடிவு.

தந்தி
கான்சாஸ், 30.10.1976
தாங்க முடியவில்லை. வர இயலாத நிலை. காரியங்களை இசக்கியப்பன் அண்ணன் நடத்தட்டும். கடிதம் பின்னால்.

கான்சாஸ்
16.11.1976

அன்புள்ள வடிவு,

என்ன எழுதுவது? நீ தனியாக எல்லாவற்றையும் நடத்தியிருக்கிறாய். பெரியப்பா மகன் இசக்கியப்பன் கொள்ளி வைத்ததாக அவரே எழுதியிருந்தார். நான் வைத்திருக்க வேண்டியது.

உன் தந்தி சனிக்கிழமை காலையில் கையில் வந்தது. மதியம் ஆட்டம். உடனே கிளம்பியிருந்தாலும் எரியூட்டுவதற்குள் வந்து சேர்ந்திருக்க முடியாது என்று உனக்கே தெரியும். உடை மாற்றும் அறையில் பையன்களிடம் சொன்னேன். எழுபது பேரும் மண்டியிட்டு அம்மாவுக்காக ஜெபம் செய்தார்கள். யாரோ கறுப்புத் துணியைக் கிழித்துக் கையில் கட்டிக்கொண்டார்கள். பிறகு எல்லோரும் கட்டிக்கொண்டார்கள். அப்படி ஓர் ஆட்டத்தை நான் பார்த்ததே இல்லை, வடிவு. ஜெயித்துவிட்டு, பந்தில் அம்மா பேரை ஆங்கிலத்தில் எழுதி என்னிடம் கொடுத்தார்கள். சுடலைமாடத்தி என்று ஒவ்வொரு எழுத்தாக நான் சொல்லச் சொல்ல எழுதினார்கள். கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறோம். நீ வந்து பார்க்க வேண்டும்.

ஆம், நீ வர வேண்டும். தலைமைக் கோச் ஓய்வு பெறுகிறார். வருகிற ஆண்டிலிருந்து டீம் என்னுடையது. ஊர்ப் பத்திரிகையில் போட்டோவெல்லாம் வந்தது. உன் பேப்பர்கள் தயார். விமான டிக்கெட்டும் அனுப்பியிருக்கிறேன். ஜனவரியில் வந்தால் மார்ச் வரை எனக்கு வேலை குறைவு, உன்னோடேயே இருக்கலாம். இனி அங்கே உன்னைக் கட்டிவைக்க யாரும் இல்லையே. இப்போதுதான் நம் வாழ்க்கை தொடங்குகிறது என்று நினைத்துக்கொள்.

அன்புடன்
பெரி

தூத்துக்குடி
9.1.1977

சிவனணைந்தபெருமாள் அவர்களுக்கு,

நலம்.

உங்கள் கடிதத்தின் அடியில் 'பெரி' என்று இருந்தது. யோசித்துப் போட்டதில்லை, கைப்பழக்கம் என்று தெரிகிறது. எனக்குக் கோபம் வரவில்லை. வராததுதான் ஆச்சரியமாக இருந்தது. வந்திருந்தால் வழக்கம்போலக் கேலி செய்து நாலு வரி எழுதியிருப்பேன்.

எரியூட்டுவதற்குள் நீங்கள் வந்திருக்க முடியாது, அது எனக்கும் தெரியும். பதினாறாம் நாளுக்கு வந்திருக்கலாம். அதற்கு முன்னால் செப்டம்பரில் நான் கேட்டபோது வந்திருக்கலாம். அந்தச் சண்டையை இனிப் போடப்போவதில்லை. அத்தையின் கடைசி மாலையை மட்டும் எழுதுகிறேன். உங்கள் தாயார், நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

விளக்கு வைக்கிற நேரம். திடீரென்று நன்றாகக் கண்விழித்து, "ஏளா வடிவு, அவனக் கூப்பிடு. இருட்டப் போவுது, இன்னும் பந்து வெளையாடுதான்" என்றார்கள். என் பேரை அன்றைக்குச் சரியாகச் சொன்னார்கள். நான் வாசலில் போய் நின்று கையைத் தட்டினேன், அவர்கள் திருப்திக்கு. "அம்புட்டுத் தூரத்துக்குக் கைதட்டுனா கேக்குமா?" என்றார்கள். உள்ளே போய் நீங்கள் அனுப்பிய விசிலை எடுத்துவந்து ஊதினேன். அதற்கும் சத்தம் போட்டார்கள். "வெசிலு அவனுக்கு நூறு கேட்டிருக்கும், திரும்பியே பாக்க மாட்டான். பேரச் சொல்லிக் கூப்பிடுளா!"

ஆயுசு குறையும், சொல்லக் கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்கள்தான். அதை நினைவுபடுத்தினேன். "நாந்தான சொன்னேன், இப்ப நாந்தான் சொல்லுதேன், கூப்பிடு" என்றார்கள்.

கூப்பிட்டேன். தெரு முழுக்கக் கேட்கிறாற்போல, மைதானம் இருக்கிற திசையைப் பார்த்து, முழுப் பேரையும் சொல்லிக் கூப்பிட்டேன். ஹில்டா டீச்சர் பதறிப்போய் ஓடிவந்தார். எதிர்வீட்டில் விளக்கை ஏந்திக்கொண்டு வெளியே வந்து பார்த்தார்கள். அத்தை, போதும் போதும் என்று கையைக் காட்டி, "கேட்டுட்டு. வாரான்" என்றார்கள். அப்புறம் அமைதியாகத் தூங்கினார்கள். காலையில் நான் கஞ்சி கொண்டுபோனபோது உயிர் இல்லை.

வாசலில் நின்றபோது எனக்கு ஒரு பைத்தியக்கார நினைப்பு. இத்தனை காலம் சொல்லாமல் சேர்த்து வைத்த பேர், ஒருமுறை சொன்னால் ஆள் வந்து நிற்க வேண்டும் என்று நினைத்தேன். தெருமுனையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். ஒருவரும் வரவில்லை. உங்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறீர்கள், ஜெயித்தோம் என்று. ஆக, ஆயுசும் குறையவில்லை, ஆளும் வரவில்லை. பேர் வெறும் பேராகிவிட்டது. அதற்குள் நான் ஒளித்து வைத்திருந்தது எல்லாம் அன்றைக்கே தீர்ந்துபோயிற்று.

எழுபது பேர் ஜெபம் செய்ததற்கு என் நன்றியைச் சொல்லுங்கள். நல்ல பிள்ளைகள். ஆனால் அத்தைக்கு முதுகில் புண் வந்தபோது துடைத்தது யார் என்று அவர்களுக்குத் தெரியாது. அந்தக் கண்ணாடிப் பெட்டியை நான் வந்து பார்க்க விரும்பவில்லை.

இங்கே என்னைக் கட்டிவைக்க இனி யாருமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மை. என்னைக் கட்டிவைத்தது அத்தை என்று இத்தனை காலம் நீங்கள் நினைத்திருக்கிறீர்கள், அதுதான் வலிக்கிறது. நான் உங்களுக்காகக் கட்டுண்டு கிடந்தேன். முப்பதிலிருந்து முப்பத்தைந்து வரை. பெண்ணுக்கு அது எந்த வயது என்று உங்களுக்கு நான் எழுதித் தெரிய வேண்டாம். ஜனவரியில் வந்தால் மார்ச் வரை என்னோடு இருக்கலாம் என்கிறீர்கள். உங்கள் இரண்டு சீசனுக்கு நடுவில் ஓர் இடைவெளி. அதற்கு நான் கடல் தாண்டி வரமாட்டேன்.

நீங்கள் கெட்டவர் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். உங்களுக்குப் பிடித்த வேலை கிடைத்தது, அதில் பெரிய ஆளாகிவிட்டீர்கள். அந்த உதையை நம் மைதானத்தில் நீங்கள் உதைக்கும்போது ஓரத்தில் நின்று பார்த்தவள் நான். அழகாகத்தான் இருக்கும். அதை மறுக்க எனக்கு மனசு வரவில்லை. உங்களை நினைத்து அழுதும் தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன், இதை எழுதும்போது மறுபடி வருகிறது. வரட்டும்.

வீட்டுச் சாவியை இசக்கியப்பன் அண்ணாச்சியிடம் கொடுத்துவிட்டேன். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே ஓர் அறை பார்த்திருக்கிறேன். முகவரி தர வேண்டிய அவசியம் இல்லை. டிக்கெட்டைத் திருப்பி அனுப்புகிறேன். விசிலும் இதே கவரில் இருக்கிறது, அங்கே யாருக்காவது உதவும்.

ஹில்டா டீச்சர் இன்று மாலை வந்து, முகவரி எழுதட்டுமா என்று பேனாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்தார். காப்பி மட்டும் கொடுத்தேன். கவரின் மேல் உங்கள் பேரை நானே எழுதிவிட்டேன்.

அருணாசலவடிவு